கோவர்த்தனன் நிலத்துல வெயிலைப் புதைச்ச கதை

தியோடருக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, சித்தூர்ல ஒரு பழைய மிஷன் பள்ளிக்கூடத்துல அட்டெண்டர். மணி அடிக்கறது, ரிஜிஸ்டர் தூக்கறது, ஹெட்மாஸ்டருக்கு டீ வாங்கியாறது. அதுல முப்பத்திமூணு வருஷம் ஓட்டி ரிட்டையர் ஆயிட்டாரு. இன்னொண்ணு, உரிச்ச தேங்காயை உள்ளங்கையில படுக்க வெச்சிக்கினு காடு மேடெல்லாம் நடந்து, அடியில தண்ணி ஓடுதா இல்லையான்னு சொல்றது. தண்ணி இருக்கற இடம் வந்தா தேங்காய் தானா எழுந்து நிக்கும். இல்லன்னா சும்மா கெடக்கும். இதுக்கு நம்ம பக்கம் பாயிண்ட் வெக்கறதுன்னு பேரு. இந்த வேலையிலிருந்து யாரும் யாரையும் ரிட்டையர் பண்ண முடியாது. மனுஷனே வெக்கப்பட்டு நிறுத்தினாத்தான் உண்டு.

பாயிண்ட் வெக்கறவங்க ஊருக்கு நாலு பேர் இருக்காங்க. ஒருத்தன் வேப்பங்குச்சி, ஒருத்தன் செம்புக்கம்பி, ஒருத்தன் எலுமிச்சம்பழம். கையில இருக்கறது வேற வேறயே தவிர வாயில இருக்கறது ஒண்ணுதான். எவன் நிலத்துக்குப் போனாலும் "இருக்கு, போடு!" இல்லன்னு சொல்லிட்டா போர் போடற ரிக் வண்டிக்காரன் குடுக்கற கமிஷன் போயிடுமே! தியோடர் அந்த ரகம் கிடையாது. பத்து நிலத்துக்குப் போனா ஏழு நிலத்துல உதட்டைப் பிதுக்கிட்டு வந்துடுவாரு. "இல்லப்பா. ஒரு சொட்டு இல்ல. வீணா ஓட்டை போடாதே." வாங்கறது பஸ் சார்ஜும் ஒரு வேளைச் சாப்பாடும்தான். அதனால குடிபாலாவிலிருந்து பூதலப்பட்டு வரைக்கும் ஜனங்க மத்தியில ஒரு பேச்சு உண்டு. "மத்தவன் இருக்குன்னு சொன்னா யோசி. தியோடரண்ணன் இல்லன்னு சொன்னா எழுந்து போயிடு."

மனுஷனுக்கு அந்தப் பேச்சுல ஒரு பெருமை. பெருமைன்னா சாதாரணப் பெருமை இல்ல, சட்டை பட்டன் தெறிக்கற பெருமை. வருஷா வருஷம் சபையில அறுப்பின் பண்டிகை அன்னிக்கி, சாட்சி சொல்றவங்க எழுந்திரிங்கன்னு பாஸ்டர் சொல்லி வாய் மூடறதுக்குள்ள இவர் எழுந்து நிப்பாரு. பாஸ்டருக்குத் தேங்காய் விஷயமே ஆகாது. அது விக்கிரக வேலைன்னு நேராவே சொல்லிப் பாத்துட்டாரு. "அந்தத் தேங்காயைப் படைச்சது யாருங்க ஐயரே?"ன்னு ஒரே கேள்வியில வாயை அடைச்சிட்டாரு தியோடர்.

சாட்சி எப்பவும் ஒண்ணுதான். ரெண்டாயிரத்திப் பதினொண்ணுல நடந்தது. குடிபாலா பக்கம் கோவர்த்தனன்னு ஒரு விவசாயி, மூணு ஏக்கரா. ரோட்டோரமா ரெண்டு போர் போட்டு ரெண்டுலயும் தூசிப் புகைதான் வந்துச்சி. மூணாவது போருக்கு பொண்டாட்டி தாட்சாயணி தாலியைக் கழட்டிக் குடுக்கத் தயாரா நின்னா. "அப்பத்தான் சகோதரர்களே, என்னைக் கூப்பிட்டாங்க. ஜெபம் பண்ணிட்டு எறங்கினேன். நாலு மூலையும் நடந்தேன். தேங்காய் அசையல. கோவர்த்தனா, வேணாம், இதுல ஒண்ணும் இல்ல, வித்துட்டுப் போய்ப் பொழைச்சிக்கோன்னு சொன்னேன். அழுதுக்கினே வித்தான். இன்னிக்கி திருப்பதியில குடும்பத்தோட நல்லா இருக்கான். என் வாயில வந்த ஒரு ‘இல்ல’ ஒரு பொம்பளையோட தாலியைக் காப்பாத்துச்சி. ஸ்தோத்திரம்!" சபையும் ஸ்தோத்திரம் சொல்லும். பொம்பளைங்க பக்கம் முதல் பெஞ்சியில உக்காந்திருக்கற அவர் சம்சாரம் லோயிஸ் மட்டும், வார்த்தைக்கு வார்த்தை உதட்டை அசைச்சிக்கினு இருப்பாங்க. பன்னெண்டு வருஷமா கேட்டு மனப்பாடம் ஆயிடுச்சி பாவம்.

இப்படி இருக்கச்சே, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மார்ச் மாசத்துல ஒரு நாள், ஸ்கூட்டியில ஒரு பொண்ணு வந்து எறங்குனா. பேரு யாமினி. கோழிக்குஞ்சு பண்ணை வெச்சிருக்கற ஹரிபாபு பொண்ணு. வெளிநாட்டுல இன்ஜினியரிங் படிச்சிட்டு, அப்பா பண்ணையையே பாத்துக்கறேன்னு திரும்பி வந்தவ.

"அங்கிள், எனக்கு ஒரு பாயிண்ட் வெச்சிக் குடுக்கணும்."

"அதுக்கென்னம்மா, வெச்சிட்டாப் போச்சி."

"தண்ணி இருக்கற இடம் வேணாம். தண்ணி இல்லாத இடம் வேணும்."

அரிசி பொடைச்சிக்கினு இருந்த லோயிஸ் முறத்தைக் கீழ வெச்சிட்டாங்க. தியோடர் அந்தப் பொண்ணை ஏற எறங்கப் பாத்தாரு. வெயில் தலைக்கேறிடுச்சோன்னு ஒரு சந்தேகம். ஒரு சொம்பு மோர் குடுக்கச் சொன்னாரு.

அவ மோரைக் குடிச்சிட்டு விஷயத்தை அவிழ்த்தா பாருங்க, ரெண்டு பேருக்கும் வாய் பொளந்துபோச்சி. ஒரு நாள் வயசுக் குஞ்சுக்கு சூடு இல்லன்னா உயிர் நிக்காது. குளிர் காலத்துல கரி அடுப்பு வெச்சித்தான் ஷெட்டைக் காய வெப்பாங்க. போன ஜனவரியில அடுப்பு பாதியில அணைஞ்சிபோய், காலையில கதவைத் தொறந்தா ஆயிரத்தி நூறு குஞ்சு செத்துக் கெடந்துச்சாம். சூட்டுக்காக ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, அடியில இருந்ததெல்லாம் நசுங்கிடுச்சி. அதை ரெண்டு கையாலயும் அள்ளிப் போட்டவ இவ. "இனிமே கரி வேணாம் அங்கிள். நம்ம ஊர்ல சூட்டுக்கா பஞ்சம்? மே மாசம் வெயில்ல கூரை மேல சோலார் ஹீட்டர் வெச்சி தண்ணியைக் கொதிக்க வெப்பேன். அதை பைப்புல இருநூறு அடி கீழ எறக்கி, சுத்தி மேல கொண்டாருவேன். போற வழியில பாறை சூட்டை வாங்கி வெச்சிக்கும். ஜனவரியில அதே பைப்புல பச்சைத் தண்ணியை விட்டா, பாறை சூட்டைத் திருப்பிக் குடுக்கும். அதைக் குஞ்சு ஷெட்டு தரைக்கு அடியில ஓட விடப்போறேன்."

"ஐயோ சாமி!"ன்னு லோயிஸ் மோவாயில கை வெச்சாங்க. "எப்படா இந்த வெயில் தொலையும்னு நாங்க நாள் எண்ணிக்கினு கெடக்கறோம். நீ அதை மூட்டை கட்டி வெக்கப் போறியா? அதுவும் சித்தூர்ல!"

"தண்ணி இருந்தா இன்னாம்மா?"ன்னாரு தியோடர்.

"ஓடற தண்ணி சூட்டை இழுத்துக்கினு போயிடும் அங்கிள். வெச்ச இடத்துல இருக்காது. ஓட்டம் இல்லாத காஞ்ச பாறைதான் வேணும். மெஷின் வெச்சிப் பாக்கறவங்க சென்னையிலிருந்து வர ஒரு மாசம் ஆகுமாம். அதுக்குள்ள வெயில் பாதி போயிடும். அப்பாதான் சொன்னாரு, மெஷின் எதுக்கு, அது தியோடர் அண்ணன் இல்லன்னு சொன்ன நிலம்தானேன்னு. ஷெட்டுக்குப் பின்னாடி இருக்குதே, கோவர்த்தனன் கிட்ட வாங்கின மூணு ஏக்கரா."

தியோடர் சிரிச்ச சிரிப்புல எதிர்வீட்டு நாய் எழுந்து பாத்துச்சி. முப்பது வருஷமா ஜனங்க அவர்கிட்ட ‘இருக்கு’ன்னு ஒரு வார்த்தைக்காக வந்து, ‘இல்ல’யை வாங்கிக்கினு மூஞ்சைத் தொங்கப் போட்டுக்கினு போனாங்க. இன்னிக்கி ஒருத்தி ‘இல்ல’ வேணும்னு தேடி வந்திருக்கா! "போம்மா, ரிக்கு வண்டியைச் சொல்லு. அந்த நிலம் எலும்பு மாதிரி. அதுக்கு நான் கேரண்டி."

ரிக் வந்த அன்னிக்கி, தேவையே இல்லன்னாலும் மொறைக்கி ஒரு தடவை நடந்தாரு. எட்டடிக்கு ஒண்ணா இருபத்திநாலு இடத்துல சுண்ணாம்பு வட்டம். ஒவ்வொரு வட்டத்துலயும் நின்னாரு. தேங்காய் அசையவே இல்ல. ரிக் ஓட்டற தமிழ்செல்வன் ரொம்ப வருஷமா தெரிஞ்ச ஆளு. எதுக்கு இத்தினி வட்டம்னு கேட்டான். எல்லாம் பெரிய இடத்து வெவகாரம், நீ ஓட்டுன்னு சொல்லிட்டு நெழல்ல போய் உக்காந்தாரு.

இருபது அடி, நாப்பது அடி, எம்பது அடி. வெள்ளை மாவு மாதிரி தூசி கெளம்பி ஷெட்டு கூரையெல்லாம் படிஞ்சிபோச்சி. காஞ்ச பாறை, பாத்தியான்னு யாமினியைப் பாத்து தலையாட்டினாரு தியோடர். அவளும் சந்தோஷமா நோட்டுல எழுதிக்கினு இருந்தா. காலையில ஒன்பது மணி இருக்கும். நூறு அடி தாண்டுச்சி. நூத்திப் பத்து. நூத்திப் பதினஞ்சாவது அடியில சத்தம் மாறுச்சி.

அந்தச் சத்தம் தியோடருக்குத் தெரியும். ஆயிரம் தடவை கேட்ட சத்தம். கேட்டதும் உடம்பு தானா எழுந்து நின்னுச்சி, மனசு மட்டும் உக்காந்த இடத்துலயே கெடந்துச்சி. தூசி நின்னுது. சேறு தெறிச்சிது. அடுத்த நிமிஷம் ரிக்கு தலைக்கு மேல தண்ணி பீறிக்கினு எழும்புச்சி.

அப்புறம் நடந்த கூத்தை யாரு தடுக்க முடியும்? நம்ம ஊர்ல போர்ல தண்ணி வந்தா எவன் நிலம், எதுக்குப் போட்டதுன்னா யோசிப்பாங்க? ரிக்கு ஆளுங்க ஊஊன்னு கத்திக்கினு குதிச்சாங்க. ஷெட்டுல வேலை செய்யற பொம்பளைங்க குஞ்சுகளை அப்படியே போட்டுட்டு மஞ்சளும் குங்குமமும் எடுத்துக்கினு ஓடியாந்தாங்க. ஒருத்தி கற்பூரம் ஏத்தினா. ஹரிபாபு வேட்டியை மடிச்சிக் கட்டிக்கினு "நீள்ளு வச்சேசாயி! தண்ணி வந்துடுச்சி!"ன்னு தெலுங்கும் தமிழுமா கத்திக்கினே தண்ணிக்குள்ள பூந்துட்டாரு. தமிழ்செல்வன் எறங்கி ஓடியாந்து, சொட்டச் சொட்ட தியோடரைக் கட்டிப்பிடிச்சிக்கினான். "அண்ணா! அடிச்சிட்டீங்களே அண்ணா! ரெண்டரை இஞ்சித் தண்ணிக்குக் குறையாது! உங்க கைதாண்ணா கை!"

யாமினி மட்டும் தலையில கை வெச்சிக்கினு மண்ணுல உக்காந்துட்டா.

தியோடருக்குக் காது அடைச்சிபோச்சி. மூஞ்சியில தெறிச்ச தண்ணி உதட்டுல எறங்குச்சி. உப்பு இல்ல, கவுச்சி இல்ல, நல்ல தண்ணி. இந்த நிலத்துலயா? கோவர்த்தனன் நிலத்துலயா? நூத்திப் பதினஞ்சி அடியிலயா? ஒரு எடத்துல தப்பியிருக்கும், அந்த மூலையில போடுன்னு கத்தினாரு. அறுபதடி தள்ளிப் போட்டாங்க. நூத்தி இருபதுல தண்ணி. நடுவுல போடுன்னாரு. நூத்திப் பன்னெண்டுல தண்ணி. மத்தியானத்துக்குள்ள மூணு ஓட்டை, மூணுலயும் தண்ணி. பொம்பளைங்க மூணாவது தடவைக்கு மஞ்சள் தீந்துபோச்சின்னு சிரிச்சாங்க.

யாமினி கெட்டிக்காரி. ஒரு மணி நேரத்துல கணக்கை மாத்திப் போட்டுட்டா. தண்ணி நூத்திப் பன்னெண்டுக்குக் கீழதானே ஓடுது, மேல இருக்கற தொண்ணூறு அடி பாறை காஞ்சிதானே இருக்குது. ஆழத்தைக் கொறைச்சி, ஓட்டை எண்ணிக்கையை முப்பத்தியாறு ஆக்கிட்டா வேலை நடக்கும். ஆனா போட்ட மூணு ஓட்டையையும் சிமெண்ட் பால் ஊத்தி அடைக்கணும், தண்ணி மேல ஏறக் கூடாது.

"ஒண்ணே ஒண்ணு விட்டு வெக்கலாமேம்மா"ன்னாரு ஹரிபாபு. "கண்ணால பாத்த தண்ணியை எப்பிடி மூடறது? பாபமு!"

"சரிப்பா. ஒரு போர் வேணும்னா நான் எல்லாத்தையும் அந்தப் பக்கம் தள்ளி வெச்சிக்கறேன். ஆனா இன்னிக்கே சொல்லணும். அங்கிள், நீங்களே சொல்லுங்க. இது வத்தாம நிக்கற தண்ணியா?"

எல்லார் கண்ணும் அவர் மேல. தியோடர் நெலத்தைப் பாத்தாரு. ரோட்டைப் பாத்தாரு. வேலூர் போற பஸ்ஸு எல்லாம் அந்த ரோட்டுலதான் போவுது. நாளைக்கி இங்க ஒரு மோட்டார் கொட்டாய் எழும்பும், நாலு இஞ்சி பைப்புல தண்ணி கொட்டும், போறவன் வர்றவன் எல்லாம் ஜன்னல்ல தலையை நீட்டி, இது தியோடர் இல்லன்னு சொன்ன நிலமாச்சேன்னு கேப்பான். சபையில கேப்பாங்க. பாஸ்டர் கேப்பாரு.

"இது ஓட்டம் இல்லம்மா"ன்னாரு. "மேல் கசிவு. ரெண்டு மாசத்துல வத்திடும். மூடிடுங்க."

சொல்லி முடிக்கும்போதே அது பொய்யின்னு அவருக்குத் தெரியும். அவர் ஆயுசுல சொன்ன அத்தனை ‘இல்ல’யிலயும் தெரிஞ்சே சொன்ன பொய் இது ஒண்ணுதான். ஹரிபாபு ஒரு பெருமூச்சு விட்டாரு. தியோடரே சொன்னா அப்பீல் ஏது? சாயங்காலம் நாலு மணிக்கு சிமெண்ட் பாலை ஊத்தினாங்க. கொப்புளிச்சிக் கொப்புளிச்சி, கடைசியில அடங்கிபோச்சி.

அன்னிக்கிலிருந்து மனுஷனுக்கு சோறு எறங்கல. "இன்னாங்க, ஒரு வாய் துன்னுட்டு எழுந்திரிங்க"ன்னு லோயிஸ் கெஞ்சிப் பாத்தாங்க, திட்டிப் பாத்தாங்க. வெயில் காலம்னு சமாளிச்சாரு. அவர் தலைக்குள்ள ஒரே ஒரு கேள்விதான் சுத்திக்கினு இருந்துச்சி. அது மொத மொத உதிச்ச எடம் கூட ஞாபகம் இருக்கு, கிரீம்ஸ்பேட்டையில முடிவெட்டற கடை நாற்காலி. கழுத்துல துணி கட்டி உக்காந்திருக்கச்சே திடீர்னு புரிஞ்சிபோச்சி. நான் இருக்குன்னு சொன்ன எடத்துல போர் போட்டுப் பாப்பாங்க. வந்தா மாலை, வரலன்னா திட்டு. இல்லன்னு சொன்ன எடத்துல? அங்க எவன் போட்டுப் பாத்தான்? தியோடரண்ணனே சொல்லிட்டாருன்னு எழுந்து போயிட்டாங்களே! என் ‘இல்ல’ தப்பே ஆனதில்லன்னு முப்பது வருஷமா நெஞ்சை நிமித்திக்கினு திரிஞ்சேனே, தப்பாறதுக்கு அதுக்கு ஒரு வழியே இல்லாமத்தானே இருந்துச்சி!

நாற்காலியில அப்படியே எழுந்து நின்னுட்டாரு. கத்திரி காதுல பட்டு ரத்தம் வந்துச்சி. முடிவெட்டறவன் பதறிபோயிட்டான். இவருக்கு வலிக்கவே இல்ல. எத்தினி நிலம்? முந்நூறு? நானூறு? எத்தினி பேரு கெணத்தைத் தூர்த்தாங்க, எத்தினி பேரு மாட்டை வித்தாங்க, எத்தினி பேரு பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்கிப் போனாங்க? கடவுளே, இன்னா காரியம் பண்ணிக்கினு இருந்தேன் நான்!

தேங்காயை அதோட தொடல. கூப்பிட வந்தவங்ககிட்ட முட்டி வலின்னாரு. அந்த வருஷம் அறுப்பின் பண்டிகையில, சாட்சி சொல்றவங்க எழுந்திரிங்கன்னு பாஸ்டர் சொன்னாரு. முழு சபையும் திரும்பித் தியோடரைப் பாத்துச்சி. அவரு தொண்டையைத் தொட்டுக் காட்டி, கட்டிக்கிச்சின்னு சைகை பண்ணிட்டு குனிஞ்சி உக்காந்துட்டாரு. லோயிஸ் உதட்டை அசைக்கத் தயாரா இருந்தவங்க, அப்படியே நிறுத்திட்டு புருஷனை ஒரு மாதிரியாப் பாத்தாங்க.

ஜனவரி வந்துச்சி. யாமினி போன் பண்ணி, ஒரு நடை வந்துட்டுப் போங்க அங்கிள், நீங்க பாக்கணும்னு கூப்பிட்டா. போகக் கூடாதுன்னுதான் இருந்தாரு. ஆனா அந்தப் பொண்ணு விடல.

காலையில ஏழு மணிக்கு ஷெட்டுக்குள்ள நொழைஞ்சா, கரி வாடையே இல்ல. வெளிய பல்லு கிட்டிக்கற குளிர். உள்ள மஞ்சள் மஞ்சளா குஞ்சுங்க தரையெல்லாம் பரவி, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம, அதுங்க பாட்டுக்கு கொத்திக்கினு திரிஞ்சிதுங்க. யாமினி அவர் கையைப் புடிச்சி சுவரோரமா போற ஒரு பைப்பு மேல வெச்சா.

சுட்டுச்சின்னு சொல்ல முடியாது. ஆனா நல்ல கதகதப்பு, காய்ச்சல்காரக் கொழந்தை நெத்தியைத் தொட்ட மாதிரி.

"இது எந்த வெயில்னு சொல்லுங்க பாக்கலாம்? மே மாசத்து வெயில் அங்கிள்!"

தியோடருக்குப் புல்லரிச்சிபோச்சி. இது நடக்கும்னு அவரு ஒரு நாளும் நம்பினதில்ல. வெயிலைப் புதைக்கறாளாம்னு லோயிஸோட சேந்து சிரிச்சதுதான். எட்டு மாசத்துக்கு முன்னாடி நம்ம தலையைப் பொளந்த அதே வெயில், அந்த நிலத்துக்கு அடியில பத்திரமா இருந்து, இப்ப வெளிய வந்து குஞ்சைக் காப்பாத்துது!

"முழுசா வரல அங்கிள். மொத வருஷம் பாறை பாதி சூடுதான் புடிக்கும். ரொம்பக் குளிரான நாளைக்கி கரியும் கொஞ்சம் போடறோம். இங்க பாருங்க." ஒரு நோட்டைப் பிரிச்சா. முப்பதடியில எவ்வளவு சூடு, அறுபதடியில எவ்வளவு, தொண்ணூறுல எவ்வளவுன்னு வாரா வாரம் எழுதி வெச்சிருக்கா. பாதிப் பக்கத்துல சிவப்பு மையில அடிச்சி அடிச்சித் திருத்தியிருக்கு.

"இது இன்னாம்மா, இத்தினி அடிச்சல்?"

"நான் நெனச்சதெல்லாம் தப்பு அங்கிள். மொத மூணு மாசம் என் கணக்கு ஒண்ணு கூட ஒத்து வரல"ன்னு சிரிச்சா. "பூமிக்குள்ள நடக்கறதை மேல நின்னுக்கினு சொன்னா அப்பிடித்தானே? பாத்துப் பாத்துதான் திருத்தணும்."

அவ சாதாரணமாத்தான் சொன்னா. தியோடர் பைப்பு மேலருந்து கையை எடுத்துட்டு, வெளிய வந்து, சிமெண்ட் பூசின மூணு வட்டத்தையும் பாத்துக்கினு ரொம்ப நேரம் நின்னாரு. வீட்டுக்கு வந்ததும் லோயிஸைக் கூப்பிட்டு எல்லாத்தையும் கொட்டிட்டாரு.

லோயிஸ் நம்பவே இல்ல. "தண்ணி வந்துச்சா? அந்த நிலத்துலயா? நீங்களா மூடச் சொன்னீங்க?" அப்புறம் கோவம் வந்துச்சி பாருங்க. "பத்து மாசம் இதை வயித்துல வெச்சிக்கினு என் பக்கத்துல படுத்துக் கெடந்தீங்களா? எந்திரிங்க. கோவர்த்தனன் கிட்ட சொல்லாம இந்த வீட்டுக்குள்ள கால் வெக்காதீங்க!"

மறுநாளு காலையில திருப்பதி பஸ் ஏறினாரு. சந்திரகிரி தாண்டறவரைக்கும் எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியல. கோவர்த்தனன் வேலை செய்யறது பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பழைய லாட்ஜி. பக்தருங்க குளிக்க வெறகு பாய்லர்ல வெந்நி காய வெச்சி, பக்கெட்டுல மாடி மாடியா கொண்டுபோய்க் குடுக்கற வேலை. தாட்சாயணி அங்கேயே ரூம்பு பெருக்கறா.

"அட, தியோடரண்ணா!" கோவர்த்தனன் பக்கெட்டை அப்படியே வெச்சிட்டு ஓடியாந்தான். மனுஷன் இளைச்சிருந்தான், ரெண்டு கையிலயும் வெந்நி பட்ட தழும்பு. "தாட்சாயணி! யாரு வந்திருக்காங்க பாரு! அண்ணா, உங்களைப் பேசாத நாளே இல்லண்ணா எங்க வீட்டுல. நீங்க மட்டும் அன்னிக்கித் தடுக்கலன்னா மூணாவது போரும் போட்டு நடுத்தெருவுல நின்னிருப்போம்."

இதை விட ரெண்டு அறை விட்டிருந்தா தேவலை. தியோடர் படிக்கட்டுல உக்காந்தாரு. சுத்தி வளைக்கல.

"கோவர்த்தனா, உன் நிலத்துல தண்ணி இருக்குதுப்பா. ஹரிபாபு போர் போட்டாரு. நான் சொன்னது தப்பு."

பெருக்கிக்கினு இருந்த தாட்சாயணி தொடப்பத்தோட கிட்ட வந்து நின்னா.

"எத்தினி அடிண்ணா?"ன்னான் கோவர்த்தனன், மெதுவா.

"நூத்திப் பதினஞ்சி."

"நான் ரோட்டோரம் ஐநூத்தி இருபது அடி போட்டேனேண்ணா." தலையில கை வெச்சிக்கினான். கண்ணு கலங்குச்சி. ஆனா கொஞ்ச நேரத்துல தோள் துண்டால மூஞ்சைத் தொடைச்சிக்கினு, தியோடர் பக்கத்துல வந்து உக்காந்தான். "உப்பா?"

"இல்லப்பா. நல்ல தண்ணி. ரெண்டரை இஞ்சி."

"பரவால்ல விடுங்கண்ணா. நீங்க இன்னா உள்ள எறங்கியா பாத்தீங்க? உங்க மனசுக்குப் பட்டதைச் சொன்னீங்க. காசுக்கா சொன்னீங்க? அது எங்க தலையெழுத்து." அப்புறம் அவன் மூஞ்சி ஒரு மாதிரி வெளிச்சம் ஆயிடுச்சி. "அண்ணா, ஒரு உதவி பண்ணுங்க. நானும் இவளும் இப்பவே உங்களோட பஸ் ஏறி வர்றோம். ஹரிபாபு கிட்ட சொல்லி ஒரே ஒரு தடவை மோட்டாரைப் போடச் சொல்லுங்க. நெலம் எங்களுது இல்லன்னாலும் பரவால்ல, அந்தத் தண்ணியை ஒரு தடவை கண்ணால பாத்துட்டு வந்துடறோம். என் நைனா காலத்துல இருந்து தேடின தண்ணிண்ணா அது. ஏய் தாட்சாயணி, போய் வேற பொடவை கட்டிக்கினு வா!"

அவ ஏற்கெனவே தொடப்பத்தைச் சுவத்துல சாத்திட்டா. முந்தானையில கையைத் தொடைச்சிக்கினு உள்ள ஓடப் போனா.

"போகாதம்மா"ன்னாரு தியோடர். "மோட்டார் இல்ல. அதை மூடிட்டாங்க. மூணு ஓட்டையையும் சிமெண்ட் ஊத்தி மூடியாச்சி."

"மூடிட்டாங்களா?" கோவர்த்தனன் எழுந்துட்டான். "தண்ணி வந்த போரையா? எந்தப் பாவிண்ணா மூடச் சொன்னது?"

"நான்தான் சொன்னேன். விட்டு வெக்கலாமான்னு என்னைத்தான் கேட்டாங்க. வத்திடும்னு பொய் சொன்னேன். தண்ணி கண்ணு முன்னாடி இருந்தா என் பேரு கெட்டுடும்னு பயந்துட்டேன், கோவர்த்தனா."

கோவர்த்தனன் அவரையே பாத்தான். திட்டுவான், அடிப்பான்னு தியோடர் காத்துக்கினு இருந்தாரு, அடிச்சா நல்லா இருக்கும்னு கூட இருந்துச்சி. அவன் ஒண்ணும் பண்ணல. மாடியிலிருந்து யாரோ வெந்நி கேட்டாங்க. பக்கெட்டை எடுத்தான், பாய்லர் குழாயைத் தொறந்து ரொப்பினான், திரும்பிப் பாக்காம படி ஏறிப் போயிட்டான்.

தாட்சாயணி மட்டும் அங்கேயே நின்னுக்கினு இருந்தா.

"அன்னிக்கி தண்ணி எத்தினி மணிக்கு வந்துச்சிண்ணா?"

"காலையில ஒன்பது மணிக்கும்மா."

"மூடினது?"

"சாயங்காலம் நாலு மணிக்கு."

"இங்கிருந்து ரெண்டு மணி நேரந்தாண்ணா பஸ்ஸு"ன்னு சொல்லிட்டு, அவ தொடப்பத்தை எடுத்துக்கினு உள்ள போனா.